பாகைக்கு நாலு நிமிஷம்

இந்தப் பக்கம் வாங்க தம்பி, அங்க உக்காராதீங்க. பஸ் எங்க போகுது? மதுரைக்கு. அருப்புக்கோட்டைக்கு மதுரை எந்தத் திசை? நேர் வடக்கு. மணி இப்ப நாலே கால். சூரியன் எங்க இருக்கும்? மேற்க. அப்ப எந்த ஜன்னல் காயும்? இடது பக்கம். பாருங்க, ஏறினவங்க அத்தனை பேரும் இடது பக்கமாப் போய் உக்காந்து துண்டைப் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டு இருக்காங்க. வலது பக்கம் காலியாக் கெடக்கு. ஒருத்தராவது யோசிச்சாங்களா?

நான் முப்பத்திரண்டு வருஷம் புவியியல் வாத்தியார் தம்பி. பேரு தெய்வசிகாமணி. இந்த ஊர்ல பாதிப் பேரு என்கிட்ட படிச்சவங்கதான். இந்த டிரைவர்கூட என் மாணவன்தான். என்னைப் பார்த்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டான் பாருங்க. மரியாதை.

உங்களைப் பார்த்தாப் படிச்சவர் மாதிரி இருக்கு, அதனால கேக்குறேன். பூமி ஒரு தடவை சுத்த இருபத்துநாலு மணி நேரம். மொத்தம் முந்நூற்று அறுபது பாகை. அப்ப ஒரு பாகைக்கு எவ்வளவு? நாலு நிமிஷம். சரிதானே? நம்ம நாட்டு நேரம் எண்பத்திரண்டரை பாகையில. எண்பத்திரண்டரையை நாலால பெருக்கினா முந்நூத்தி முப்பது நிமிஷம். அஞ்சரை மணி நேரம். பூஜ்ஜியம் பாகையில இருக்கிற ஊருக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். இதுல எங்கயாவது தப்பு இருக்கா? சொல்லுங்க. இல்லைல்ல? இதைச் சொன்னதுக்குத்தான் தம்பி என் வீட்டுல என்னைக் கிறுக்கன் ஆக்கிட்டாங்க.

என் பொண்ணு செண்பகா ஸ்பெயின்ல இருக்கா. டைல்ஸ் மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்குமில்ல, அதுல ஆராய்ச்சி. போய் ஆறு வருஷம் ஆச்சு. அவ இருக்கிற ஊர் பேரு காஸ்தெயோன். நான் வரைபடத்தை விரிச்சுப் பார்க்கிறேன், உடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. பூஜ்ஜியப் பாகை இருக்குல்ல, முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில நான் போட்ட அந்தக் கோடு, அது அந்த ஊர் வழியாப் போகுது! ஒரு பூங்காவுல அதுக்கு அடையாளமே வச்சிருக்காங்க. ஒரு கால் கிழக்கயும் ஒரு கால் மேற்கயும் வச்சு நின்னு போட்டோ எடுத்து அனுப்பினா. எனக்காகவே அந்த ஊருக்குப் போயிருக்கான்னு நெனச்சேன்.

சரி, ஊரு பூஜ்ஜியம். அப்ப வித்தியாசம் அஞ்சரை மணி நேரம். காலையில ஏழு மணிக்கு எந்திரிச்சிருப்பா, வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள பேசிரலாம்னு இங்க பன்னிரண்டரைக்குப் போன் அடிப்பேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்"ம்பா. ஏழு மணிக்கு என்ன மீட்டிங்? மறுநாளும் அதே. அந்தக் கம்பெனிக்காரன் பெண்பிள்ளைய விடியுறதுக்குள்ள வேலைக்கு இழுக்கிறான்னு எனக்கு ஒரே கொதிப்பு. ஒரு லெட்டர்கூட எழுதிட்டேன். அனுப்ப விடல அவ.

அப்பதான் சொல்றா. "அப்பா, இங்க மணி ஏழு இல்ல, ஒம்பது. வெயில்காலத்துல நமக்கும் இவங்களுக்கும் மூணரை மணி நேரம்தான் வித்தியாசம். குளிர்காலத்துல நாலரை."

நான் கேட்டேன், "ஏம்மா, வெயில் அடிச்சா பூமி ஒரு மாதிரி சுத்துமா, குளிர் அடிச்சா வேற மாதிரி சுத்துமா?"

விசாரிச்சுப் பார்த்தா, எண்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த நாட்டுல எவனோ ஒருத்தன் ஜெர்மனிக்காரனோட ஒத்துப் போகணும்னு முள்ளை ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருக்கான். இன்னிக்கு வரைக்கும் அதை யாரும் திருப்பி வைக்கல. அது போதாதுன்னு வெயில்காலத்துல இன்னொரு மணி நேரம் தள்ளுறாங்க. ஆக, ஊரு நிக்கிறது ஒரு இடத்துல, கடிகாரம் நிக்கிறது வேற இடத்துல. ஒரு நாடே சேர்ந்து பொய் சொல்லுது தம்பி. என்னையும் அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னா எப்படி?

போன்லயே காட்டுதுங்கிறீங்களா? போன் யாரு சொல்றதைக் கேக்குது? அந்த நாட்டுச் சர்க்கார் சொல்றதை. நான் சூரியன் சொல்றதைக் கேக்குறேன்.

என் பொண்ணு என் ரத்தமாச்சே, விடுவாளா? "அருப்புக்கோட்டை எத்தனை பாகைப்பா?"ன்னு கேட்டா. எழுபத்தெட்டுன்னேன். "அப்ப நம்ம ஊரோட உண்மையான நேரம் பதினெட்டு நிமிஷம் பின்னாடி. நீங்க ஸ்கூல் பெல்லை பதினெட்டு நிமிஷம் கழிச்சா அடிச்சீங்க?"

"அது வேறம்மா"ன்னேன். "எப்படி வேற?"ன்னா. "அது இந்திய அரசு"ன்னேன். அதுக்கு மேல அவளால பேச முடியல. சிரிச்சுக்கிட்டே வச்சிட்டா.

இதெல்லாம் சின்ன விஷயம். மனசுல முள்ளாக் குத்திக்கிட்டு இருக்கிறது போன வருஷம் நடந்தது.

செண்பகா அங்கயே ஒரு பையனைப் பார்த்துக்கிட்டா. கூட வேலை பார்க்கிறவர். ஜார்ஜ்னு எழுதிட்டு ஹோர்ஹேன்னு சொல்றாங்க. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல தம்பி. வேற நாடு, வேற மதம், வேற சாப்பாடு, எதுவும் எனக்கு ஒரு பொருட்டே இல்ல. நான் முற்போக்கானவன். ஏப்ரல் மாசம் சனிக்கிழமை, நகராட்சி மாதிரி ஒரு ஆபீஸ், அங்க பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். விசா கிடைக்கல, எங்களால போக முடியல. "அப்பா, நீங்க வீடியோவுல வாங்க. நீங்க ரெண்டு வார்த்தை பேசினதும் தாலி கட்டுவாரு"ன்னு சொன்னா. தாலியை நாங்க பார்சல்ல அனுப்பி வச்சோம்.

நான் விடுவேனா? ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கக் கட்டடத்தைப் பேசி, பெரிய திரை கட்டி, பத்திரிகை அடிச்சு, எழுபது பேரைக் கூப்பிட்டேன். 'மாலை 5.30 மணி'ன்னு பத்திரிகையில போட்டு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு அடியில கணக்கையும் அச்சடிச்சிருந்தேன். எண்பத்திரண்டரை பெருக்கல் நாலு. எங்க கணக்கு வாத்தியார் மைக்கேல்ராஜ் அதைக் காகிதத்துல ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு, "விடை சரியா இருக்கு சார்"னு கையக் குடுத்தாரு.

என் சம்சாரம் பூரணம் மட்டும், "என்னங்க, செண்பகா மூணரைன்னுல்ல சொன்னா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ. பொறுமையா உக்கார வச்சு உலக உருண்டையச் சுத்திக் காட்டி விளக்கினேன். "இப்பப் புரியுதா?"ன்னேன். "புரியுதுங்க"ன்னா.

அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு, பக்கத்து வீட்டு ஜெயக்கொடிகிட்ட பூக்கட்டக் குடுத்திருக்கேன், வாங்கிட்டு வந்துர்றேன்னு கிளம்பிப் போனா. நான் வேட்டிய இஸ்திரி போட்டுக்கிட்டு, பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தி இருக்கும், ஜெயக்கொடி வீட்டுல இருந்து குலவைச் சத்தம் கேக்குது. ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து போடுற குலவை. இந்த நேரத்துல இவங்களுக்கு என்ன விசேஷம்னு எரிச்சலா இருந்துச்சு. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். மனப்பாடம் கெட்டுருச்சுல்ல?

அஞ்சரைக்கு எழுபது பேரும் வந்தாச்சு. திரையப் போட்டாச்சு. பார்த்தா, நீளமா ஒரு மேஜை, எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு சட்டி, அது நிறைய மஞ்சச் சோறு. நான் மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன்: "அன்பர்களே, அந்த நாட்டு வழக்கப்படி சாப்பாடு முதலில், கல்யாணம் பிறகு." எல்லாரும் தலையாட்டினாங்க. மைக்கேல்ராஜ் சார், "நல்ல வழக்கமா இருக்கே"ன்னாரு.

அப்ப செண்பகா திரைக்கு முன்னாடி வந்தா. சேலையெல்லாம் மாத்தி ஏதோ நீலக் கவுன் போட்டிருக்கா. கழுத்துல மஞ்சக் கயிறு தொங்குது. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

"அப்பா, எங்கப்பா போயிட்டீங்க? எல்லாம் முடிஞ்சு ஒன்றரை மணி நேரம் ஆச்சே. உங்களுக்காக அந்த ஆபீசரைக் கெஞ்சி இருபது நிமிஷம் நிறுத்தி வச்சோம்ப்பா. அடுத்த கல்யாணக்காரங்க வாசல்ல வந்து நின்னுட்டாங்க."

பெரிய ஸ்பீக்கர் தம்பி. நல்லதா வேணும்னு நானே கேட்டு வாங்கினது. எழுபது பேருக்கும் கணீர்னு கேட்டுச்சு.

"பரவாயில்லப்பா. அம்மா இருந்தாங்கல்ல"ன்னா அவ.

நான் திரும்பிப் பார்க்கிறேன். பூரணம் கடைசி வரிசையில உக்காந்து சேலை முந்தானையைத் திருகிக்கிட்டு இருக்கா. பூ வாங்கப் போனவ, ஜெயக்கொடி போன்ல மூணரைக்கெல்லாம் உக்காந்து, பொண்ணுக்கு ஆசீர்வாதம் பண்ணி, தாலி ஏறும்போது குலவையும் போட்டிருக்கா. நான் சாத்தினேன் பாருங்க ஜன்னலு, அது அந்தக் குலவைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் பூரணம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேங்க. நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை நீங்க உருண்டைய எடுத்துட்டு வந்துட்டீங்க."

பதினோரு நாள் அவகூட நான் பேசல. அவளுக்கு அது தெரிஞ்சுதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம். அவ பாட்டுக்குச் சோறு போட்டா, பாட்டுப் பாடிக்கிட்டுப் பாத்திரம் வெளக்கினா. பன்னிரண்டாவது நாள் நானே பேசிட்டேன். மோட்டார் ஓடல, அதனால.

ஊருக்குள்ள தலைகாட்ட முடியலங்கிறது வேற விஷயம். டீக்கடையில என்னைப் பார்த்தா, "சார், ஸ்பெயின்ல இப்ப மணி என்ன?"ன்னு கேக்கிறாங்க. தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறாங்க, நானும் சொல்வேன். எல்லாரும் சிரிச்ச முகமாக் கேட்டுக்குவாங்க.

இந்த வருஷம் செண்பகா மாசமா இருந்தா. அம்மாவும் அப்பாவும் வாங்கன்னு கூப்பிட்டா. இந்தத் தடவை விசா கிடைக்குங்கிற மாதிரி இருந்துச்சு. நான் தெளிவாச் சொல்லிட்டேன். பொய் சொல்ற கடிகாரத்துக்குக் கீழ என்னால தூங்கி எந்திரிக்க முடியாது, அந்த நாடு முள்ளைத் திருப்பி வைக்கட்டும், மறுநாளே வர்றேன்னு. நான் வரலைன்னா பூரணம் எங்க போகப் போறா? மதுரையைத் தாண்டித் தனியாப் போனவ இல்ல. அப்படித்தான் நெனச்சேன்.

அவ பாஸ்போர்ட் எடுத்தா. விசா எடுத்தா. ஜூன் மாசம் ஒரு பையில இட்லிப்பொடியும் ஒரு பையில வசம்பும் எடுத்துக்கிட்டு, "தோசை மாவு மூணு நாளைக்கு இருக்குங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டா.

மூணு மாசம் தம்பி. வீடு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? அதை விடுங்க. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு டாண்ணு போன் பண்ணிருவா. "சாப்பிட்டீங்களா?" ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இல்ல. எனக்கு ஆச்சரியம். "எப்படிக் கணக்குப் போடுற?"ன்னு கேட்டேன். "கணக்கு என்னங்க கணக்கு? ரெண்டு கடிகாரம் வாங்கி மாட்டியிருக்கேன். ஒண்ணு இந்த ஊருக்கு, ஒண்ணு உங்களுக்கு"ன்னா. பாவம், பெருக்கல் தெரியாதவ. அப்படித்தான் சமாளிக்கணும்.

பேத்தி பிறந்துச்சு. மரியா பூரணின்னு பேரு. என் பேரையும் சேர்க்கலாம்னு பார்த்தாங்களாம், நீளமா இருக்குன்னு விட்டுட்டாங்க. "அப்பா, காலையில பதினோரு மணிக்குக் குளிப்பாட்டினதும் முழிச்சுக்கிட்டு இருப்பா. அப்ப வீடியோவுல வாங்க"ன்னு செண்பகா சொன்னா. பதினோரு மணின்னா நமக்கு நாலரை. நாலரைக்கு உக்காந்தேன். குழந்தை தூங்குது. மறுநாளும் நாலரைக்கு உக்காந்தேன். தூங்குது. மூணாவது நாளும் தூங்குது. மூணு நாளும் கண்ணை மூடின பிள்ளையத்தான் பார்த்தேன். ஒருத்தரும் என்கிட்ட எதுவும் சொல்லல. பூரணம்கூடச் சொல்லல. எனக்கு அதுதான் என்னமோ பண்ணுச்சு.

நாலாவது நாள், வீட்டுக் கதவைச் சாத்திட்டு, ரெண்டரைக்கு அடிச்சேன். பதினோரு மணியோட மூணரை. அவங்க கணக்கு. குழந்தை முழிச்சுக்கிட்டு இருந்துச்சு தம்பி. என்னை நேராப் பார்த்துச்சு. பார்த்துட்டு ஒரு கொட்டாவி விட்டுச்சு. சின்ன வாயி. கொள்கை வேற, பேத்தி வேற. அன்னிக்கு முடிவு பண்ணினேன். சரி, அந்த நாடு பொய் சொல்லட்டும். அந்தப் பொய்யையும் சேர்த்தே இனி நான் கணக்குப் போடுறேன். மூணரைன்னா மூணரை.

இப்ப எங்க போறேன்னு கேக்கிறீங்களா? ஏர்போர்ட்டுக்குத்தான். பூரணம் இன்னிக்கு வர்றா. துபாய்ல விமானம் மாறி, நேரா மதுரை. வீட்டுக்கு வர்றதுக்குக் கார் ஏற்பாடு பண்றேன்னு செண்பகா சொன்னா. வேண்டாம்மா, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னுட்டேன். மூணு மாசத்துக்கு அப்புறம் வர்றவளை எவனோ ஒரு டிரைவர் கூட்டிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? இந்தப் பையில என்ன தெரியுமா? சேவு. அவளுக்குக் காரச்சேவு பிடிக்கும். புதுச் சட்டை போட்டிருக்கேன், சரியாத்தானே இருக்கு?

இந்தாங்க டிக்கெட்டு, செண்பகா போன்ல அனுப்பினது. பாருங்க, மதுரை வந்து சேர்ற நேரம் ரெண்டு பத்து. மத்தவங்களா இருந்தா என்ன பண்ணுவாங்க? ரெண்டு பத்துக்கே போய் நின்னு கால் கடுத்துருக்கும். நான் யோசிச்சேன். டிக்கெட் போட்டது யாரு? செண்பகா. எங்க இருந்து போட்டா? ஸ்பெயின்ல இருந்து. அப்ப இது எந்த ஊர் மணி? அந்த ஊர் மணி. ரெண்டு பத்தோட மூணரையக் கூட்டுங்க. அஞ்சு நாப்பது. நம்ம பஸ் அஞ்சேகாலுக்கு ஏர்போர்ட் விலக்குல இறக்கி விடும். இருபத்தஞ்சு நிமிஷம் கையில இருக்கு. ஒரு டீ குடிச்சிட்டு நிக்கலாம்.

என்ன? மதுரை மணியாத்தான் போட்டிருப்பாங்களா? தம்பி, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க? மருந்துக் கம்பெனியா? நல்ல வேலைதான். நான் தப்பாச் சொல்லல, ஆனா அவங்கவங்களுக்கு ஒரு துறை.

இருங்க, போன் அடிக்குது. வீடுன்னு காட்டுதே. எங்க வீட்டுத் தரைவழி போன் தம்பி. வீட்டைப் பூட்டிட்டுல்ல வந்தேன்? உள்ள யாரு? திருடனா? திருடன் எதுக்கு எனக்குப் போன் அடிக்கிறான்? சாவி எங்க இருக்குன்னு கேக்கவா?

ஹலோ. யாரு? யாருங்க பேசுறது?

பூரணமா?

எங்க இருந்து பேசுற? வீட்டுல இருந்தா? நம்ம வீட்டுலயா? எப்படி வந்த? யாரோட வந்த?

தம்பி, என் சம்சாரம். வீட்டுல இருக்காளாம். ரெண்டு பத்துக்கே வந்து இறங்கிட்டாளாம். அங்க யார்கிட்டயோ போனை வாங்கி மூணு தடவை எனக்கு அடிச்சாளாம். ஆமா, தெரியாத நம்பர்ல வந்துச்சு. நான் தெரியாத நம்பரை எடுக்கிறதில்ல. ஒரு மணி நேரம் பார்த்துட்டு டாக்சி பிடிச்சு அவளே வந்து, அவகிட்ட இருந்த சாவியப் போட்டுத் திறந்துக்கிட்டாளாம். இப்பக் குளிச்சுட்டு வந்து டீ போடுறாளாம்.

கேக்குது பூரணம், சொல்லு. நானா? காரியாபட்டிகிட்ட இருக்கேன். எதுக்கா? சும்மாதான், ஒரு வேலையா வந்தேன். ஏன் சிரிக்கிற? என்ன சிரிப்பு? சாப்பிட்டேன், சாப்பிட்டேன். தோசை. ஆமா, மூணு மாசமாத் தோசைதான். பாப்பா எப்படி இருக்கா? நீ கிளம்பும்போது முழிச்சிருந்தாளா? ம். ம். சரி. பாலை அதிகமா ஊத்தாத, எனக்கும் சேர்த்துப் போட்டு வை. இந்தா வந்துர்றேன்.

விமானம் சீக்கிரம் வந்திருக்கு தம்பி. மூணரை மணி நேரம் முந்தியே வந்திருக்கு. காத்து நல்லாப் பின்னாடி இருந்து தள்ளியிருக்கும். மேற்கத்திக் காத்து அப்படித்தான்.

கண்டக்டர்! ஏப்பா, காரியாபட்டியில நிறுத்து. நான் இறங்கித் திரும்பி ஊருக்குப் போகணும். என்னது, டிரைவர் சிரிக்கிறானா? சிரிக்கட்டும், அவன் ஆறாவது படிக்கும்போதே அப்படித்தான்.

தம்பி, நீங்க மதுரையில நாலு பெரிய ஆளுங்களைப் பார்க்கிறவரு. விமானக் கம்பெனிக்காரங்க யாராவது தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. டிக்கெட்டுல எந்த ஊர் மணின்னு பெரிய எழுத்துல போடணும்னு. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தின எனக்கே இதுல குழப்பமா இருக்குன்னா, இல்ல, எனக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல, நான் மத்தவங்களுக்காகச் சொல்றேன்.